ரொட்டி முத்திரை போட்ட பகைக் கடிதம்

எங்கள் எர்லன்ஷ்டாட்டில் இர்மெலைத் தெரியாதவர்கள் கிடையாது. கீழவாசல் தெருவில் ரொட்டி சுடுகிறவள். அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னால் "உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று விரட்டுவாள்; அதனால் சொல்லவில்லை. நான் எக்கெல். நாற்பது வருடமாக இந்த ஊருக்கு எழுத்தன். ஊர்ச் சபை சொன்னதையெல்லாம் எழுதி எழுதி விரல் காய்த்துப் போனதுதான் மிச்சம். சபையில் உட்கார்ந்து எழுந்தவர்களில் எழுதி வைக்கத் தகுந்த ஆள் என்று ஒருத்தரைக்கூட நான் கண்டதில்லை. ஆகவே இவளை எழுதுகிறேன்.

எடை குறைந்த ரொட்டி விற்றவரை எங்கள் ஊரில் கூடையில் உட்கார வைத்துக் குதிரைக் குட்டையில் முக்குவார்கள். இர்மெலுக்கு இருபத்திரண்டு வயதில் அது நடந்தது. கூடை மேலே வந்ததும் மற்றவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். இவள் தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே சந்தைக்குப் போய்த் தராசைப் பிடித்துக்கொண்டாள்.

"எடைக்கல்ல மாத்து. பக்கத்து ஊர்க் கல்லக் கொண்டாந்து நிறு" என்றாள்.

பகல் முழுக்க நகரவில்லை. கடைசியில் பக்கத்து ஊர்க் கல் வந்தது. ரொட்டி சரியாகத்தான் இருந்தது, எங்கள் ஊர்க் கல்தான் கனம் கூடுதல். அப்படியானால் எடை பார்க்கிறவரைக் கூடையில் வையுங்கள் என்றாள். சபை ஒப்பவில்லை. அன்று முதல் அந்த மனிதருக்கு அவள் ரொட்டி விற்கவில்லை.

அவள் புருஷன் விகெல் இதற்கு நேர் எதிர். மெலிந்த ஆள், அதிகம் பேச மாட்டான். அவள் பேசுவாள், அவன் மாவு பிசைவான். சுட்ட ரொட்டியின் அடியை விரலால் தட்டிப் பார்த்து வெந்ததா இல்லையா என்று சொல்வான். ஊரையே எதிர்த்து நிற்கிற அவள், அவன் தலையசைக்காமல் ஒரு ரொட்டியைக்கூட வெளியே வைக்க மாட்டாள். பிள்ளை இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

இப்படி இருக்கையில் எங்களுக்கு இரண்டு ராஜாக்கள் வந்தார்கள். பழைய ராஜா இறந்த பிறகு, தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ள பெரியவர்கள் வழக்கம்போல ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஒரே இடத்தில் கூடவில்லை. மைன் ஆற்றுக்கு இந்தக் கரையில் சிலர், அந்தக் கரையில் சிலர். இவர்கள் பவேரியாக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் ஆஸ்திரியாக்காரரை. ஒருவருக்கு முடிசூட்டிய ஊர் சரி, சூட்டிய பேராயரின் கை சரியில்லை. மற்றவருக்குக் கை சரி, ஊர் சரியில்லை. நியாயம் கேட்க இரண்டு பேருக்கும் மேலே யாரும் இல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, தேசமே இரண்டுபட்டால் கேட்க வேண்டுமா? தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆனான்.

எங்கள் சபை பவேரியா ராஜாவுக்கு மணி அடித்தது. ஃபிராங்க்ஃபர்ட் அவருக்குக் கதவு திறந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மணி ஓய்வதற்குள், எங்களுக்கு மேற்கே குன்றின் மேல் இருக்கும் டிஸ்டெல்ஷ்டைன் கோட்டையிலிருந்து ஹார்ட்மூட் என்ற குதிரைவீரன் தான் ஆஸ்திரியா ராஜாவின் ஆள் என்று சொல்லிவிட்டான். மறுவருடம், மழை விடாமல் பெய்த அந்தக் கோடையின் முடிவில், ஆலையிலிருந்து மாவு ஏற்றி வந்த விகெலை வண்டியோடு பிடித்துக்கொண்டு போய்க் கோபுரத்தின் அடிக்குழியில் இறக்கினான். பணம் கேட்கவில்லை. "உங்க ஊரு எங்க ராஜாவுக்குச் சத்தியம் பண்ணட்டும். அன்னைக்கே விடறேன்" என்று சொல்லி அனுப்பினான்.

இர்மெல் சபைக்கு வந்தாள். அன்றும் நான்தான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஒரு ரொட்டிக்காரனுக்காக ஊரு ராஜாவ மாத்துமாம்மா?" என்றார் நகரத் தலைவர்.

"ராஜாவ மாத்த யாரு சொன்னா? எம் புருஷனைக் கூட்டியாங்க, போதும்."

"அதுக்குப் படை வேணும். நம்மகிட்ட என்ன இருக்கு? வயல்ல அழுகின கதிர்தான் இருக்கு. நீ ராஜாகிட்டப் போய் முறையிடு."

அவள் மறுநாளே ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நடந்தாள். பவேரியா ராஜாவின் எழுத்தர் அறை வாசலில் பதினொரு நாள் நின்று, விகெலை விடுவிக்கச் சொல்லும் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே குன்று ஏறினாள். கோட்டைப் பாதிரியார் படிக்க, ஹார்ட்மூட் மரியாதையாகக் கேட்டுக்கொண்டானாம்.

"நல்ல எழுத்து. ஆனா இவரு என் ராஜா இல்லையே, ரொட்டிக்காரி."

"உன் ராஜாகிட்ட வாங்கிட்டு வந்தா?"

"வாங்கிட்டு வா. பாப்போம்."

ஆஸ்திரியா ராஜா அப்போது ஷ்பயர் பக்கம் இருந்தார். சேற்றில் போகவும் வரவும், அங்கே காத்துக் கிடக்கவும் பத்தொன்பது நாள். வழியில் ஒரு செருப்பு போயிற்று. அங்கேயும் ஒரு கடிதம் கிடைத்தது, இதைவிடப் பெரிய முத்திரையோடு. ஹார்ட்மூட் முத்திரையைத் தடவிப் பார்த்தான்.

"நெசமான முத்திரைதான். ஆனா பாரு, ராஜா அங்க இருக்காரு, கோட்டை இங்க இருக்கு. என்னை அதட்டினா நான் அந்தப் பக்கம் தாவிடுவேன்னு அவருக்குத் தெரியும். அவருக்குத்தான் நான் வேணும். எனக்கு அவரு எதுக்கு?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். எங்கள் தேசத்தில் சாமியே இரண்டு, பூசாரிகளுக்குக் கணக்கே இல்லை.

அவள் உடனே திரும்பவில்லை. கோபுரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று "விகெல்!" என்று கத்தினாள். கீழிருந்து இருமல் மட்டும் வந்தது. அந்தக் குழியில் பனிக்காலத்தைத் தாண்டி உயிரோடு வந்தவர் யாரும் இல்லை. பிறகு இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. நான் அப்படி அவளை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தபோது நான் முட்டைக்கோஸ் கூழைக் குடித்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எக்கெலண்ணே, அந்தக் கோட்டையில எத்தனை அடுப்பு தெரியுமா?"

"நாலு. நாலு பங்காளிங்க. ஒரே கோட்டை, தனித்தனிச் சமையல்."

"கோட்டைச் சமையக்காரி சொன்னா. பனிக்கு முன்ன வர்ற மார்ட்டின் பண்டிகை அன்னைக்கு நாலு பேரும் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்களாம். சாவிக்கொத்து அவருகிட்டத்தான் இருக்குமாம். இந்த வருஷம் ஹார்ட்மூட் அதுக்கு அலையுறானாம். வீட்டுக்கு வீடு வாத்து அனுப்புறானாம்."

"அதுக்கு?"

"நான் தப்பு பண்ணிட்டேண்ணே. தேர்ந்தெடுத்து முடிஞ்சவங்க கிட்டயே போய் நின்னேன். இனிமேதான் தேர்ந்தெடுக்கப்படணும்னு இருக்கிறவனை இல்ல பிடிக்கணும்? அவனுக்குத்தான் கழுத்து வளையும்."

எனக்குப் புரை ஏறியது. ஏனென்றால் அந்தப் பங்காளிகளின் உடன்படிக்கையை எட்டு வருடம் முன்பு நகல் எடுத்தவனே நான்தான். அதில் ஒரு வரி இருக்கிறது. தலைவரின் பகை நான்கு வீட்டுக்கும் பகை. ஆகவே தீராத பகை உள்ளவர், அது தீரும்வரை தலைவராக நிற்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"அப்போ நான் பகை போடறேன். கடிதம் எழுது" என்றாள்.

பகைக் கடிதம் என்றால் விளையாட்டு இல்லை. முறையாகக் கடிதம் அனுப்பி, மூன்று நாள் பொறுத்து, அதன் பிறகு அடித்தால் அது சண்டை. கடிதம் இல்லாமல் அடித்தால் அது கொள்ளை. வீரர்கள் வீரர்களுக்குப் போடுவது. ஊர்கள்கூடப் போட்டதுண்டு. ரொட்டிக்காரி போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

"பைத்தியமா உனக்கு? நீ பொம்பள. ரொட்டி சுடறவ. சட்டம் ஒத்துக்காது."

"எந்த ராஜாவோட சட்டம்?"

பேனாவை எடுத்தேன். 'எர்லன்ஷ்டாட் இர்மெல், டிஸ்டெல்ஷ்டைன் ஹார்ட்மூட்டுக்கு. என் புருஷன் விகெலை நீ பிடித்து வைத்திருப்பதால், இன்று முதல் நான் உன் பகையாளி. அவனை என் கையில் ஒப்படைத்தால் பகை தீரும். இதைச் சொல்லி என் மானத்தைக் காத்துக்கொண்டேன்.' அவ்வளவுதான். ஊர் முத்திரையைக் கேட்டாள், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், அதை மறைப்பானேன்? அவள் வாதாடவில்லை. கடைக்குப் போய் ரொட்டியில் குத்துகிற மர அச்சைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கடைக்கும் ஓர் அடையாளம் உண்டு, அவளுடையது வாத்துக்கால். அதையே மெழுகில் அழுத்தினாள்.

பண்டிகைக்கு ஏழு நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், விறகு வண்டிக்காரர்கள் நாலு பேர் பார்க்க, கோட்டைக் காவல்காரன் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு நம்பிக்கை இல்லை. வாத்துக்கால் முத்திரையை எந்தப் பங்காளி மதிக்கப் போகிறான்? அடுப்பில் போட்டுவிட்டு, அப்படி எதுவும் வரவில்லை என்று சொன்னால் கதை முடிந்தது.

ஹார்ட்மூட் அடுப்பில் போடவில்லை. அன்று அவன் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள், ஆப்பிள் மதுவும் ஓடிற்று. கடிதத்தை உரக்கப் படிக்க வைத்துச் சிரித்தானாம். சிரித்தது போதாதென்று பதிலும் எழுத வைத்தான். மறுநாள் அவனுடைய குதிரைக்காரன் எங்கள் சந்தைக்கு வந்து, மனப்பாடம் செய்ததைக் கூவினான்.

"டிஸ்டெல்ஷ்டைன் வீரன் ஹார்ட்மூட், எர்லன்ஷ்டாட் ரொட்டிக்காரி இர்மெலுக்கு! உன் பகையை ஏற்றுக்கொண்டேன்! உன் ரொட்டித் துடுப்புக்குப் பயந்து என் வாள் உறையில் நடுங்குகிறது! படையோடு வா!"

சந்தையே சிரித்தது. கறிக்கடைக்காரன், "இர்மெலு, எனக்கு உன் படையில என்ன பதவி?" என்று கேட்டான். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குதிரைக்காரனிடமிருந்து பதில் காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"முத்திரை அவனோடதுதானாண்ணே?"

மூன்று முட்செடிப் பூ. உடன்படிக்கையில் நான் பார்த்த அதே முத்திரை. நுணலும் தன் வாயால் கெடும் என்பதைக் கேட்டிருக்கிறேன், முத்திரையோடு கெட்ட தவளையை அன்றுதான் பார்த்தேன். அவள் போட்ட பகை செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கே இடமில்லை. ஏற்றுக்கொண்டதாக அவனே எழுதித் தந்திருக்கிறான்.

மார்ட்டின் பண்டிகை அன்று அவள் ஒரு தள்ளுவண்டியில் வைக்கோல் போட்டு, கம்பளி விரித்துத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். "வண்டி எதுக்கு?" என்றேன். "அவன் நடக்க மாட்டான்" என்றாள். நானும் போனேன். தைரியத்தால் அல்ல. அவள் தனியாகப் போனால் எனக்குத் தூக்கம் வராது.

கோட்டை முற்றம் முழுக்க வாத்து வறுக்கும் வாசனை. நான்கு பங்காளிகளும் நான்கு பெஞ்சில். மூத்தவர் எமெரிஹ், வெள்ளைத் தாடிக்காரர், கண்டிப்பானவர். போட்டிக்கு நின்றவன் கெர்லாஹ். நான்காமவன் ஹார்ட்மூட்டின் கையாள். அங்கே ஒரு வழக்கம். தேர்தலுக்கு முன் மூத்தவர் வாசலைப் பார்த்து மூன்று தடவை கேட்பார், இந்த வீட்டார் மேல் யாருக்காவது குறை உண்டா என்று. யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டு முடித்ததும் சாப்பாடு.

இரண்டாம் தடவை கேட்டபோதே இர்மெல் குரல் கொடுத்துவிட்டாள்.

"உண்டு ஐயா. ஹார்ட்மூட் மேல எனக்குப் பகை உண்டு. தீரல."

ஹார்ட்மூட் தொடையைத் தட்டிச் சிரித்தான். "நான் சொன்னேன்ல, அந்த ரொட்டிக்காரி! படை எங்கடி? இந்தக் கிழட்டு எழுத்தன் தானா?"

"படிங்க ஐயா" என்று அவள் ஹார்ட்மூட்டின் பதிலை எமெரிஹிடம் கொடுத்தாள். பாதிரியார் படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது. கெர்லாஹின் முகம் மட்டும் மலர்ந்தது.

"அண்ணே, அது வேடிக்கைக்கு எழுதினது!" என்றான் ஹார்ட்மூட்.

"முத்திரையும் வேடிக்கைக்கா?" என்றார் எமெரிஹ்.

"குடிச்சிருந்தேன்."

"நம்ம உடன்படிக்கையிலயும் உன் முத்திரை இருக்கு. அன்னைக்கும் குடிச்சிருந்தியா? அப்போ இந்தச் சுவரு, இந்தக் கிணறு, நாம நாலு பேரு சேர்ந்து இருக்கிறது எல்லாமே வேடிக்கைதானா?"

அந்தக் குன்றுக்கு ராஜா கிடையாது. அவர்களைக் கட்டி வைத்திருப்பது அந்த ஒரு காகிதம்தான். அதைத்தான் அவன் மதுவில் நனைத்துவிட்டான். ஹார்ட்மூட் எழுந்து எங்கள் பக்கம் வந்தான்.

"சரி. இப்போ தேர்தல் நடக்கட்டும். முடிஞ்சதும் உன் புருஷனை விட்டுடறேன். என் வாக்கு."

"இப்ப விடு."

"அதான் சொல்றேனே, முடிஞ்ச உடனே..."

"முடிஞ்சப்புறம் நீ யாரோ, நான் யாரோ. ரெண்டு ராஜாகிட்ட நின்னு படிச்சுட்டேன். இப்ப, இந்த முற்றத்துல, என் கையில."

அந்தக் கையாள் குறுக்கே விழுந்து, ஒரு வருடம் பகையை நிறுத்தி வைக்கலாமே, வழக்கத்தில் அதற்கு இடம் உண்டே என்றான். எமெரிஹ்கூட அவளைப் பார்த்தார். எனக்கே அது நியாயமாகத் தோன்றியது. அவள் காதில் ஒத்துக்கொள் என்று சொன்னேன். இன்றுவரை அதற்கு வெட்கப்படுகிறேன்.

"ஒரு வருஷமா? அவன் ஒரு வாரம் தாங்க மாட்டான்" என்றாள். பிறகு தள்ளுவண்டியை முற்றத்தின் நடுவில் நிறுத்தி, அதன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க சாப்பிடுங்க ஐயா. நான் இருக்கேன்."

வாத்துகள் ஆறிக்கொண்டிருந்தன. அவள் பகை தீராமல் ஹார்ட்மூட் தேர்தலில் நிற்க முடியாது; தேர்தல் நாளில் குறை சொல்ல வந்தவளைத் தொடவும் முடியாது. ஹார்ட்மூட் மூன்று தடவை முற்றத்தைச் சுற்றினான். கடைசியில் கோபுரத்துக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

கயிற்றில் கட்டிய கட்டையில் உட்கார வைத்து விகெலை மேலே இழுத்தார்கள். வெளிச்சத்தில் அவனால் கண் திறக்க முடியவில்லை. தாடிக்குள் முகம் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. விடுபடுகிறவன் இரண்டு விரல் தூக்கி, பழிவாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அவனால் கையைத் தூக்க முடியவில்லை. அவள்தான் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினாள். அந்த விரல்களைப் பார்த்தபோது அவள் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

"நீயும் சத்தியம் பண்ணு" என்றான் ஹார்ட்மூட்.

"நீ முதல்ல பகை தீர்ந்ததுன்னு எழுதிக் குடு. குடிக்காம எழுது."

எழுதிக் கொடுத்தான். அதன் பிறகே அவள் விரலைத் தூக்கினாள். நாங்கள் வாசல் தாண்டும் முன்பே தேர்தல் தொடங்கிவிட்டது. எமெரிஹ் கெர்லாஹுக்குக் கை தூக்கினார், இரண்டுக்கு இரண்டு. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் டிஸ்டெல்ஷ்டைனில் இரண்டு தலைவர்கள், இரண்டு சாவிக்கொத்து. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இறக்கம் முழுக்க அவளே வண்டியைத் தள்ளினாள், என்னைத் தொட விடவில்லை. விகெல் ஒரே ஒரு தடவை பேசினான். "அடுப்பு அணைஞ்சு போச்சா?" என்றான். "அணைஞ்சாத் திரும்ப மூட்டிக்கலாம். வாயை மூடிட்டுப் படு" என்றாள். வழியில் என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். மாவு விலை, கறிக்கடைக்காரனின் திமிர், போன செருப்பு. அவன் கம்பளிக்கு வெளியே விரலை நீட்டி வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்தான்.

நகர வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. நாங்கள் போன பிறகு அன்று காலையில்தான் சபை புது உத்தரவு போட்டிருக்கிறது. வெளியிலிருந்து வருகிற யாராக இருந்தாலும் எந்த ராஜாவின் பக்கம் என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டே உள்ளே விட வேண்டுமாம். காவலுக்கு நின்றவன் தினமும் அவள் கடையில் ரொட்டி வாங்குகிறவன். ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"மன்னிச்சுக்கக்கா, உத்தரவு. வண்டியில இருக்கிறவரு எந்த ராஜா பக்கம்?"

இர்மெல் வண்டியை நிறுத்தாமல், அதன் முனை கதவில் இடிக்கும்வரை தள்ளினாள்.

"என் பக்கம். கதவைத் தொற."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஊர் எழுத்தன்; உத்தரவைச் சொல்ல வேண்டியவன். "திறப்பா" என்றேன்.